விலை ஒன்றானால் கூட்டா? சிமென்ட் வழக்கில் எழுந்த வாதங்கள்

போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலையை ஏற்றுவதையும் உற்பத்தியைக் குறைப்பதையும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தடை செய்கிறது. அப்படியோர் உடன்பாடு இருந்தது உறுதியானால், அதனால் சந்தைக்குக் கேடு என்றே சட்டம் அனுமானிக்கும்; இல்லையென்று காட்டும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே உடன்பாடே இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதம்.

திருக்கோஷ்டியூரில் வீடு கட்டுபவர் திருப்பத்தூரில் இரண்டு கடை ஏறி விசாரிக்கிறார். இரண்டு கம்பெனி மூட்டைக்கும் ஏறக்குறைய ஒரே விலை. இது மட்டுமே குற்றமாகாது. நிலக்கரி, டீசல் செலவு எல்லோருக்கும் சேர்ந்தே ஏறும்; ஒருவர் விலை கூட்டியதைப் பார்த்து இன்னொருவரும் கூட்டலாம்.

சிமென்ட் நிறுவனங்கள் முன்வைத்ததும் இதே வாதம்தான். இந்திய கட்டுநர் சங்கத்தின் புகாரை விசாரித்த போட்டி ஆணையம், 2012 ஜூனில் 11 நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா சிமென்ட்ஸுக்கு 187.48 கோடி, இன்று ராம்கோ எனப்படும் மெட்ராஸ் சிமென்ட்ஸுக்கு 258.63 கோடி. ஆணையம் விலையோடு நிற்கவில்லை. உற்பத்தியாளர் சங்கத்தின் வழியே விலை விவரங்கள் கைமாறியதையும், சங்கக் கூட்டங்களுக்குப் பின் விலை ஏறியதையும், ஆலைகளில் திறன் இருந்தும் உற்பத்தி குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தது.

அடுத்த வாதம் நடைமுறை பற்றியது. நிறுவனங்களின் வாதத்தை நேரில் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார். கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற நெறி மீறப்பட்டதாகக் கூறி, 2015 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் இந்த வெற்றி நிலைக்கவில்லை. மறுவிசாரணை நடத்திய ஆணையம் 2016 ஆகஸ்டில் மீண்டும் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

சந்தையின் அமைப்பைக் காட்டித் தப்பியவர்களும் உண்டு. இந்தியன் ஆயிலின் 2010-11 டெண்டரில் கேஸ் சிலிண்டர் தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரி விலை குறித்திருந்தனர். டெண்டருக்கு முன் மும்பை ஓட்டலில் கூடியும் இருந்தனர். ஆனாலும் ஆணையம் அவர்களுக்கு விதித்த அபராதத்தை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாங்குவதே மூன்று எண்ணெய் நிறுவனங்கள்தான். விலையைத் தீர்மானிக்கும் பலம் அவற்றிடமே இருந்தது என்பது காரணம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு முழு விவரமும் தரும் நிறுவனத்துக்கு அபராதச் சலுகை உண்டு. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் சமரசத் தீர்வுக்கும் வழி திறந்தது. விலைக் கூட்டு வழக்குகளுக்கு மட்டும் அது பொருந்தாது. அபராதத்தை எதிர்த்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தொகையில் 25 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.