ஹலிஃபாக்ஸ் நகர வங்கிகள்: ஒரு பென்னியில் தொடங்கிய கதை

ஹலிஃபாக்ஸ் என்றால் நம்மில் பலருக்கு வீட்டுக் கடன் தரும் வங்கிதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது வட இங்கிலாந்தின் மேற்கு யோர்க்ஷயரில் உள்ள ஒரு நகரம். வங்கி பிறந்ததும் பெயர் எடுத்ததும் அங்கிருந்துதான்.

கம்பளி ஆலைகளால் வளர்ந்த இந்த நகரில், 1829இல் ஹலிஃபாக்ஸ் ஜொயின்ட் ஸ்டொக் வங்கி தொடங்கியது. 1853இல் 'பில்டிங் சொசைட்டி' எனப்படும் வீட்டுக் கடன் சங்கம் உருவானது. ஆரம்பகாலச் சங்கங்கள் நமது சீட்டுப் போன்றவை: எல்லோரும் மாதாமாதம் பணம் கட்டுவார்கள்; முறை வந்தவர் வீடு வாங்குவார்; கடைசி ஆளும் வாங்கியதும் சங்கம் கலைந்துவிடும். ஹலிஃபாக்ஸ் சங்கமோ கலையாமல் தொடரும் நிரந்தரச் சங்கமாக அமைந்தது. 1859இல் ஆலை முதலாளி எட்வர்ட் அக்ரொய்ட் யோர்க்ஷயர் பென்னி வங்கியை நிறுவினார். ஒரு பென்னியோடு வருகிற தொழிலாளிக்கும் அங்கே கணக்கு இருந்தது.

பிறகு கைகள் மாறின. 1829இல் தொடங்கிய வங்கி 1911இல் இன்னொரு வங்கியுடன் இணைந்தது. 1919இல் லொயிட்ஸ் அதை வாங்கியது. உறுப்பினர்களுக்குச் சொந்தமாக இருந்த ஹலிஃபாக்ஸ் சங்கம் 1997இல் பங்கு வங்கியானது. 2008 நிதி நெருக்கடியில் தடுமாறி, 2009இல் அதுவும் லொயிட்ஸ் குழுமத்துக்குள் போனது. பென்னி வங்கி 1959இல் யோர்க்ஷயர் வங்கியானது. பின்னர் வேர்ஜின் மணி என்ற பெயருக்குள் மறைந்தது.

இப்படித்தான் ஊரில் எடுக்கப்பட்ட முடிவுகள் ஊரைவிட்டுப் போயின. 2015 முதல் பிரித்தானியாவில் 6,000க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுள்ளன. கைத்தொலைபேசியில் வங்கி பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிதல்ல. சேமிப்புப் புத்தகத்தோடு கவுண்டரில் முகம் பார்த்துப் பேசிப் பழகிய நம் அம்மம்மா, தாத்தாமாருக்கு அது ஒரு கதவு அடைபடுவதுதான்.

ஆனால் வழிகள் உண்டு. பெரும்பாலான வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தபாலகத்தில் பணம் போடலாம், எடுக்கலாம். பல வங்கிகள் சேர்ந்து நடத்தும் 'பாங்கிங் ஹப்' நிலையங்களும் திறக்கப்படுகின்றன. 2024 செப்டெம்பர் முதல், நம் பகுதியில் காசு எடுக்க, போடப் போதிய வசதி உண்டா என்று ஆராயும்படி லிங்க் அமைப்பிடம் குடியிருப்பாளர்களும் சமூக அமைப்புகளும் கேட்கலாம். அந்த ஆய்வு மூடும் கிளையைத் தடுக்காது. பதிலாக ஒரு வசதியைக் கொண்டுவரலாம்.

நம் சங்கங்களும் கோயில்களும் கேட்கலாம். கேட்க வேண்டும்.