வேலூரின் தாதியர் கல்லூரியும் திருகோணமலையின் விடுதிகளும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தாதியர் கல்லூரி 1946 இல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் டெல்லியிலும் அரசு ஒரு தாதியர் கல்லூரியைத் திறந்தது. இந்தியாவில் தாதியப் பட்டக் கல்வி இவ்விரண்டிலிருந்துதான் வளர்ந்தது. டெல்லிக் கல்லூரி அரசின் ஆட்தேவைக்காகப் பிறந்தது. கிறிஸ்து நோயாளரைக் குணமாக்கிய பணியைத் தொடர்வதே தன் நோக்கம் என்று வேலூர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டது. பரிவு, தொழில்திறன், நேர்மை, ஏழைக்கு முன்னுரிமை என்று அதன் விழுமியங்களை வரிசைப்படுத்தலாம். இந்தச் சொற்களை எந்தக் கல்லூரியும் தன் சுவரில் எழுதிக்கொள்ளும். யாரைச் சேர்ப்பது, யார் கற்பிப்பது, படித்தவரை எங்கே அனுப்புவது என்ற விதிகளாக அவற்றை மாற்றியதில்தான் வேலூர் வேறுபடுகிறது.

இந்தக் கல்லூரியின் வேர் இலங்கையிலும் இருக்கிறது. அமெரிக்க மிசனின் மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1820 இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கி, பின்னர் சென்னைக்குப் போனவர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870 இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்கு உதவி கேட்டு அவர்களுடைய கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர்; அவர் வரத் தயாராக இருந்தும், ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1900 இல் திரும்பி, 1902 இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1909 இல் தாதியர் பயிற்சி ஆரம்பமானது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்குப் பின்னர், 1918 இல்தான் வந்தது. வைத்தியரைவிடத் தாதியின் தட்டுப்பாடு முதலில் உறைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் தாதி வேலைக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். ஊரார் புண்ணையும் மலசலத்தையும் தொடுவது தீட்டு. இரவில் வெளியே வேலை செய்வது மானக்குறைவு. அதனால் முதலில் வந்தவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள். ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836 இல் தொடங்கிய திருச்சபைப் பணிப்பெண்களின் இல்லத்தில்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851 இல் பயிற்சி பெற்றார். 1860 இல் இலண்டனில் தன் பள்ளியைத் திறந்தார். யாரும் தொட விரும்பாத வேலைக்கு மதிப்பைத் தேடித்தருவதே அன்று சமய நம்பிக்கை செய்த உதவி.

மிசன்கள் தாம் போதித்தபடியே எப்போதும் நடந்தன என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்து இணுவில் பெண்கள் மருத்துவமனைக்கென 1896 இல் தெரிவான கனடிய மருத்துவர் மேரி, தமிழரான ரட்ணத்தை மணந்ததால் மிசன் அவரை நிலையாக வைத்துக்கொள்ள மறுத்தது. இலங்கைப் பொதுவாழ்வில் மேரி ரட்ணம் பிற்பாடு பெற்ற பெயர், அந்த மிசனின் இழப்பைக் காட்டுகிறது.

வேலூரின் முதல் விதி கற்பிப்பவரைப் பற்றியது. தாதியர் கல்லூரியின் ஆசிரியர்களுக்கு மருத்துவமனை விடுதிகளிலும் பொறுப்பு உண்டு. படுக்கைப்புண் வராமல் நோயாளியை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னவரே, விடுதியில் அது நடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பாடம் ஒன்று, நடைமுறை வேறொன்று என்று தட்டிக்கழிக்க அங்கே இடம் குறைவு. சுற்றுக் கிராமங்களில் கல்லூரியே நடத்தும் சமூக சுகாதாரத் திட்டத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் முதியோரையும் மாணவிகள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். நோயாளி எந்தச் சமயத்தவர் என்பது பராமரிப்பைத் தீர்மானிப்பதில்லை. சேர்க்கையில்தான் சமயம் இடம்பெறுகிறது.

இரண்டாவது விதி அந்தச் சேர்க்கை. பல திருச்சபைகள் தம் மாணவரைப் பரிந்துரைத்து அனுப்புகின்றன. அப்படி வருபவர் படிப்பு முடிந்ததும் அந்தச் சபையின் மருத்துவமனையில், பெரும்பாலும் பின்தங்கிய ஊரில், குறிப்பிட்ட காலம் பணிசெய்ய ஒப்புக்கொள்கிறார். பரீட்சைப் புள்ளியோடு நேர்முகமும் பார்த்து, போகிற மனம் உள்ளவரைத் தேடுவது வேலூரின் பழைய வழக்கம். மருத்துவப் பட்டப்படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமானபோது, 2017 இல் நிர்வாகம் நூறு இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி மற்றவற்றை வெறுமையாக விட்டது. அதை எதிர்த்து வேலூர் தொடுத்த வழக்கில் 2020 இல் இந்திய உச்ச நீதிமன்றம், நீட் எல்லோருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றாலும், தன் நோக்கம் சேர்க்கையில்தான் இருக்கிறது என்று அந்த நிறுவனம் எவ்வளவு உறுதியாக நம்பியது என்பது தெரிந்தது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. தாதி வேலையை அர்ப்பணிப்பு என்று புகழ்கிற இடங்களில் சம்பளம், ஆட்குறைவு, இரவுப்பணி பற்றிய பேச்சு எளிதில் அமுங்கிவிடும். இது கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல.

திருகோணமலையில் இத்தகைய திருச்சபைக் கல்லூரி கிடையாது. இலங்கையில் தாதியர் பயிற்சி பெரும்பாலும் அரசிடமே இருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் தாதியப் பட்டப்படிப்பு மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு பீடத்தில் நடக்கிறது. ஆனால் அந்த விழுமியங்களைக் கேட்கும் தேவை துறைமுக மாவட்டத்தில் அடிக்கடி வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியா வைத்தியசாலையைச் சுனாமி அழித்தது. உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 பெப்ரவரியில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றிய காயக்காரர்கள் திருகோணமலையில்தான் கரையிறக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்று தற்காலிக வைத்தியசாலை அமைத்தது. சாதாரண நாட்களிலும் இங்கு தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். வலி எங்கே என்று கேட்பதற்கே தாதிக்கு இரண்டு மொழி வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியிலும் மாவட்டப் பங்கீட்டிலும் தங்கியுள்ளது. பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 சதவீத இடங்களில் திருகோணமலைக்கும் பங்குண்டு. வேலூரின் நேர்முகத்தைவிட இதில் பாரபட்சத்துக்கு இடம் குறைவு. எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் மாவட்டத்தின் பெயரால் இடம் பெற்றவர் மூதூருக்கோ வெருகலுக்கோ திரும்ப வேண்டும் என்று அந்தப் பங்கீடு கேட்பதில்லை. தாதியர் சேவை நாடு முழுவதற்கும் ஒன்று என்பதால், நியமனமும் இடமாற்றமும் வெற்றிடங்களைப் பார்த்தே நடக்கின்றன.