அடையாறு டாக்டர் சாந்தா அம்மையார்

ஊரிலிருக்கும் தாயாரையோ மாமியாரையோ "அடையாறில் காட்டச் சொல்லிவிட்டார்கள்" என்று தகவல் வந்தால், ஈசா டவுனில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. நோயின் பெயரைச் சொல்லவே நாக்கூசும் நம்மவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே நோயின் பெயராகிவிட்டது. அதைக் கேட்டதும் அச்சத்தோடு கொஞ்சம் தைரியமும் பிறக்கிறதென்றால், அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர் டாக்டர் வி. சாந்தா அம்மையார்.

அம்மையார் 1927 மார்ச் 11ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் இவருக்குச் சின்னத் தாத்தா முறை. அதே பரிசைப் பெற்ற எஸ். சந்திரசேகர் தாய்மாமன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, 1955இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டமும் பெற்றார். அரசுத் தேர்விலும் வெற்றி பெற்று, எழும்பூர் மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. வீட்டார் வேறென்ன விரும்புவார்கள்?

அவர் போனதோ அடையாறுக்கு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அரும்பாடுபட்டு 1954இல் அங்கே 12 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று பொறுப்பிலிருந்தவர்களே கேட்ட காலமாம் அது. முத்துலட்சுமி அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியுடன் சாந்தா அம்மையார் சேர்ந்துகொண்டார். தொடக்கத்தில் சம்பளமில்லாத கௌரவப் பணி. பிறகு மாதம் 200 ரூபாயும், தங்குவதற்கு வளாகத்திலேயே இடமும். திருமணம் செய்துகொள்ளவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வளாகமே அவருக்கு வீடு.

கையில் பணமில்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை நிற்கக் கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். வசதியுள்ளவர் செலுத்தும் கட்டணமும், அன்பர்கள் தரும் நன்கொடையும் ஏழை நோயாளிக்குப் பயன்பட்டன. நோயாளிகளில் பெரும்பகுதியினர் இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை பெற்றார்கள். 2005இல் கிடைத்த மகசேசே விருதின் பணத்தையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் மருத்துவமனைக்கே சென்றது.

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் நூற்றுக்கு இருபது குழந்தைகள் பிழைப்பதே அரிதாக இருந்தது. 1980களில் மும்பை டாடா மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆகியவற்றோடு இணைந்து அடையாறு மருத்துவமனை ஒரு புதிய சிகிச்சை முறையைக் கையாண்டது. அதன் பின் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்தார்கள். அவர்களுள் பலர் இன்று பிள்ளை குட்டிகளோடு இருப்பார்கள்.

ஆரம்பத்திலேயே வந்தால் குணப்படுத்தலாம் என்பதை அம்மையார் சலிக்காமல் சொல்லிவந்தார். வளைகுடாவில் வாழும் நம் பெண்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும், "லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பத்து மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1986இல் பத்மஸ்ரீ, 2006இல் பத்மபூஷண், 2016இல் பத்மவிபூஷண் என்று விருதுகள் வந்தன. அம்மையாரோ தொண்ணூறு வயதைக் கடந்தும் மருத்துவமனைப் பணியிலேயே இருந்தார். 2021 ஜனவரி 19ஆம் தேதி அதிகாலையில் மாரடைப்பால் காலமானார். வயது 93. உடலை அடையாறு மருத்துவமனையின் பழைய வளாகத்திற்கே கொண்டுவந்து வைத்தார்கள். அன்று மாலை பெசன்ட் நகரில் அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது.