நெருப்பின் மேல் தாழப் பறப்பவர்கள்

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள். மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள ஃபிட்ஸ்ஜெரால்டு ஆற்றுத் தேசியப் பூங்காவில் புதர்க்காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அத்தீயைத் தடுக்கச் சென்ற போயிங் 737 விமானம் ஒன்று குன்றின் முகட்டில் மோதியது. தரையில் சறுக்கிச் சென்று நின்றது. பின்னர் தீப்பற்றி அழிந்தது. அதில் இருந்தவர்கள் இரண்டு விமானிகள் மட்டுமே. இருவரும் விமானி அறையின் சன்னல் வழியே வெளியேறிச் சிறு காயங்களுடன் உயிர் தப்பினர்.

இச்செய்தியைப் படிக்கும்போது நம் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்த விமானம் ஏன் விழுந்தது? அத்தகைய மோதலுக்குப் பின்னும் அதில் இருந்தவர்கள் எவ்வாறு பிழைத்தனர்? இரண்டுக்கும் விடை இயற்பியலில் இருக்கிறது.

தாழப் பறப்பது ஏன்?

விமானம் காட்டுத் தீயை அணைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. விமானம் தீயின் வேகத்தைக் குறைக்கிறது; தரையில் நின்று போராடும் வீரர்களுக்கு நேரம் தேடித் தருகிறது. அவ்வளவே. தீயை முற்றிலும் அணைப்பவர்கள் அந்த வீரர்களே.

மேலே கூறிய வகை விமானம் ஒரு முறைக்கு ஏறத்தாழ 15,000 லிட்டர் திரவத்தைச் சுமந்து செல்லும். அது தண்ணீராகவும் இருக்கலாம். அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் கலந்த தீத்தடுப்புக் கரைசலாகவும் இருக்கலாம். இந்த உப்புகள் படிந்த மரமும் புல்லும் எளிதில் எரியும் ஆவியை வெளிவிடாமல் கரியாகிவிடும். எங்கே தெளித்தோம் என்பது தெரிவதற்காகக் கரைசலில் இரும்பு ஆக்சைடு சேர்த்துச் சிவப்பு நிறம் ஊட்டுவார்கள். பெரும்பாலும் இதை எரியும் தீயின் மீது கொட்டுவதில்லை. தீ வரப்போகும் வழியில் ஒரு பட்டையாக இடுவார்கள்.

மிக உயரத்திலிருந்து கொட்டினால் காற்று அதைச் சிதறடித்துவிடும். வெப்பம் பெரும்பகுதியை ஆவியாக்கிவிடும். ஆகவே விமானம் தரைக்கு மேல் அறுபது, எழுபது மீட்டர் உயரத்துக்கு இறங்கி வர வேண்டும். வேகத்தையும் குறைக்க வேண்டும். இதிலேதான் ஆபத்து தொடங்குகிறது.

உயரமும் வேகமும்

விமானிக்கு உயரமும் வேகமும் கையிருப்புப் பணம் போன்றவை. ஏதேனும் தவறு நேர்ந்தால் உயரத்தைச் செலவழித்து வேகத்தைப் பெறலாம். வேகத்தைச் செலவழித்து உயரத்தைப் பெறலாம். தீயின் மேல் பறப்பவரிடம் இரண்டுமே குறைவு.

அதோடு சூழ்நிலையும் பகையாக நிற்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆதலால் இறக்கைகள் தரும் தூக்குவிசையும் குறைகிறது, எஞ்சின்களின் உந்துவிசையும் குறைகிறது. எரியும் இடத்தில் காற்று மேலெழும். பக்கத்திலேயே கீழ்நோக்கிப் பாயும். புகை கண்ணை மறைக்கும். மலைச்சரிவு எதிரே நிற்கும்.

மேற்கு ஆஸ்திரேலிய விபத்தை ஆராய்ந்த போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்ததும் இதுவே. கரைசலைக் கொட்ட இறங்கியபோது எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் ஓடிக்கொண்டிருந்தன. ஜெட் எஞ்சின் அந்த நிலையிலிருந்து முழு விசையை எட்டுவதற்குச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 216 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 60 மீட்டர். எட்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் விமானம் அரைக் கிலோமீட்டர் தூரம் போய்விடும்! மேலெழத் தேவையான விசை வருமுன்பே குன்று வந்துவிட்டது. கொட்டும்போது இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற உயர வரம்பும் அதுவரை விதிகளில் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

2020 ஜனவரி 23 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் விழுந்த சி-130 விமானத்தில் இருந்த மூன்று அமெரிக்கர்களும் இறந்தனர். கரைசலில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டு மேலே ஏறும்போது மலைக்காற்றின் திடீர் மாற்றத்தில் சிக்கி அது வீழ்ந்தது. காற்றின் கடுமை கருதி வேறு விமானிகள் அன்று அப்பகுதியில் பணிபுரிய மறுத்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

இறக்கையின் சோர்வு

ஆபத்து காற்றில் மட்டும் இல்லை, உலோகத்திலும் உண்டு. ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். இதையே உலோகச் சோர்வு என்கிறோம். சில விநாடிகளில் பல டன் சுமையை உதறிவிட்டு, கொந்தளிக்கும் காற்றில் மேலெழும் விமானத்தின் இறக்கைகள் ஒவ்வொரு முறையும் இவ்வாறு வளைகின்றன.

2002 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவின் வாக்கர் என்னும் ஊரருகே, 1950களில் கட்டப்பட்ட சி-130ஏ விமானம் ஒன்று கரைசலைக் கொட்டிக்கொண்டிருந்தபோதே அதன் இறக்கைகள் பிரிந்து விழுந்தன. மூவர் இறந்தனர். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஜூலை 18 அன்று கொலராடோவில் மற்றொரு விமானத்தின் இடது இறக்கை பிரிந்தது, இருவர் இறந்தனர். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானம். இரண்டிலும் காரணம் சோர்வினால் உண்டான வெடிப்பே. வேறு பணிக்காகக் கட்டப்பட்ட பழைய விமானங்களை இந்தக் கடும் பணிக்கு அனுப்பியதன் விலை அது. அந்த இரு வகை விமானங்களும் அதன்பின் அமெரிக்கத் தீத்தடுப்புப் பணியிலிருந்து நீக்கப்பட்டன.

பிழைத்தது எவ்வாறு?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மோதலில் மனிதனைக் கொல்வது வேகம் அன்று. வேகம் திடீரென்று இல்லாமற் போவதுதான். ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் பாறைச் சுவரில் நேராக மோதி இரண்டே மீட்டரில் நின்றால், உள்ளிருப்பவர் மீது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு விசை தாக்கும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது ஐந்து டன்னுக்கும் அதிகம். அதே விமானம் தரையில் சறுக்கி நூறு மீட்டரில் நின்றால், சராசரி விசை இரண்டு மடங்குக்கும் குறைவே. நிற்பதற்குக் கிடைக்கும் தூரமே உயிர் காக்கிறது.

இக்கருத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஹியூ டிஹேவன். 1917இல் விமானப் பயிற்சியின்போது நடுவானில் நேர்ந்த மோதலில் பலத்த காயங்களுடன் பிழைத்தவர் இவர். தாம் ஏன் சாகவில்லை என்ற கேள்வியே அவரை ஆராய்ச்சிக்குத் தூண்டியது. 15 முதல் 45 மீட்டர் வரை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விழுந்த இடம் சில அங்குலம் நெகிழ்ந்து கொடுத்தாலே உடல் தாங்கிக்கொள்கிறது என்று காட்டினார். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் வண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்று 1.4 விநாடியில் நின்றார். உச்சநிலையில் புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவரைத் தாக்கியது. நன்கு வாரிட்டுக் கட்டப்பட்டிருந்ததால் அவர் பிழைத்தார்.

முட்டைகளை ஊருக்கு அனுப்புபவர் செய்வதைத்தான் விமானம் கட்டுபவரும் செய்ய வேண்டும். பெட்டி நசுங்கக் கூடாது. உள்ளிருப்பது உருளக் கூடாது. அதிர்ச்சியை வேறொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். கூர்மையான பொருள் அருகில் இருக்கலாகாது. விமானத்துக்கு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: நின்றபின், தீயும் புகையும் சூழுமுன் வெளியேற வழி வேண்டும். அந்த இரு விமானிகளுக்கும் குன்றின் முகட்டைத் தாண்டியபின் சறுக்க இடம் இருந்தது, அறை நசுங்கவில்லை, ஒரு சன்னல் திறந்தது. 2020இலும் 2002இலும் இறந்தவர்களுக்கு இவை வாய்க்கவில்லை.

கையிருப்பு குறைந்த வேலைக்கு அதைக் கூட்டித் தருவதே அறிவியலின் கடமை. உயரத்துக்கு ஒரு வரம்பு, இறக்கைக்கு ஓர் ஆயுட்கணக்கு, தோளுக்கு ஒரு வார், காற்று சரியில்லாத நாளில் ‘இன்று போகமாட்டேன்’ என்று சொல்லும் விமானிக்கு மதிப்பு: இவை யாவும் அந்தக் கையிருப்பைக் கூட்டுபவை. எரிந்த காடு மழைக்குப்பின் மீண்டும் துளிர்க்கும். போன உயிர் மீளாது.