வெடியுப்பும் கரிசல் மண்ணும்

சிவகாசிப் பட்டாசுத் தொழிலுக்கு அடிப்படையான கருமருந்தில் இருப்பவை மூன்று: வெடியுப்பு, கந்தகம், கரி. இவை மூன்றும் பயிருக்கும் வேண்டியவையே. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். 13 விழுக்காடு தழைச்சத்தும் 45 விழுக்காடு சாம்பல்சத்தும் உள்ள அதே உப்பு, சொட்டுநீர்த் தோட்டங்களுக்கு உரமாக விற்கப்படுகிறது. கந்தகம் குறைந்தால் நிலக்கடலையில் எண்ணெய் குறையும். கரியின் கதைதான் சற்று வேறு.

பயிரின் உலர் எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் கரிமம்தான். அதை இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் விளைச்சல் பெருகுமே என்று சிலர் சொல்கிறார்கள். நம் மானாவாரிக் காடுகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை குறைந்த வாயுவிலேயே நன்றாக உணவு தயாரிக்க வல்லவை. பருத்திக்குப் பயன் உண்டு. ஆனால் ஐப்பசி மழை பொய்த்தாலோ தழைச்சத்து இல்லாவிட்டாலோ காற்றில் எவ்வளவு இருந்தும் வீண்தான். எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய விதி.

நம் கரிசலில் பொதுவாகச் சாம்பல்சத்துக்குப் பஞ்சமில்லை. குறைவது தழைச்சத்தும் துத்தநாகமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரிமமும். மண் கறுப்பாக இருப்பதால் மக்கு நிறைய இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பல நிலங்களில் கரிமம் அரை விழுக்காடுகூட இல்லை. கரிமம்தான் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு இரை. அது இல்லாத நிலத்தில் சத்தும் ஈரமும் தங்குவதில்லை. போதாததற்கு இது சுண்ணாம்பு மண். மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். கடன் வாங்கி வாங்கிய மூட்டை அது!

பருத்திமாருக்கும் மக்காச்சோளத் தட்டைக்கும் தீ வைத்தால், பட்டாசில் நடப்பதே காட்டிலும் நடக்கிறது. கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையாகிவிடும். கந்தகத்திலும் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது சாம்பல்சத்து. அதுதான் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

2015 முதல் வழங்கப்பட்டுவரும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் உண்டு. யூரியா எத்தனை மூட்டை என்பதைத்தான் பலரும் தேடுகிறார்கள். அங்ககக் கரிமம் என்ற வரியை முதலில் பாருங்கள். அதைக் கூட்ட நம் பெரியவர்கள் அறிந்த வழிகள் கண்மாய்க் கரம்பையும் ஆட்டுக்கிடையும். கிடை போட்டால் மறுநாளே உழுதுவிடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் கிடந்தால் அதன் தழைச்சத்தும் யூரியாவைப் போலவே பறந்துவிடும்.