கண்ணுக்குக் கண் என்பது பழிவாங்கச் சொன்னதல்ல

அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் இடது கண்ணில் கட்டோடு ஓர் இளைஞர் படுத்திருந்தார். ஊர்த்தெரு வழியாகப் போகும்போது பைக்கை விட்டு இறங்காததுதான் அவர் செய்த குற்றம். அதற்காக அடித்திருந்தார்கள். நாம் பார்க்கப் போன அன்று அவருடைய தம்பி கட்டிலருகே நின்றிருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். "அண்ணே, பைபிள்லயே கண்ணுக்குக் கண்ணு, பல்லுக்குப் பல்லுன்னுதானே போட்டிருக்கு. நாங்க மட்டும் ஏன் சும்மா இருக்கணும்?" என்று கேட்டான்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று ஒரு தொகையைப் பேசினார்கள். "கேஸு கோர்ட்டுன்னு போய்ப் பழிவாங்கிக்கிட்டு இருந்தா நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் எப்படி முழிக்கிறது? நீங்க வேதக்காரங்க. ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன சாமியைத்தானே கும்பிடுறீங்க?" என்றார் அவர்களில் ஒருவர்.

தம்பியும் பெரியவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிறவர்கள். ஆனாலும் இருவர் பேச்சிலும் ஒரே தவறு இருக்கிறது. சட்டம் தரும் தண்டனையும், தனி மனிதன் தீர்த்துக்கொள்ளும் பழியும் ஒன்றுதான் என்று இருவருமே நினைக்கிறார்கள். அவன் பழியைத் தண்டனை என்கிறான். இவர் தண்டனையைப் பழி என்கிறார். இருவருமே விவிலியத்தைச் சாட்சிக்கு அழைத்ததால், அதில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

யாரிடம் சொன்னது?

விவிலியத்தில் பழியின் கதை சட்டத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் லாமேக்கு என்றொருவன் வருகிறான். தன்னைக் காயப்படுத்திய ஒருவனைக் கொன்றுவிட்டதாகத் தன் மனைவியரிடம் பெருமையடிக்கிறான். காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்கு என்கிறான். பழிக்கு அளவே கிடையாது என்பதற்கு அவன்தான் சான்று. காயத்துக்குக் கொலை, ஒரு கொலைக்கு ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு தெரு என்று அது ஏறிக்கொண்டே போகும்.

அந்த ஏற்றத்தை நிறுத்தத்தான் கண்ணுக்குக் கண் என்ற விதி வந்தது. ஒரு கண் போனதற்கு ஒரு கண்ணுக்கு மேல் கேட்கக் கூடாது என்பதே அதன் பொருள். யாத்திராகமம் 21, லேவியராகமம் 24, உபாகமம் 19 ஆகிய மூன்று இடங்களில் இந்த விதி வருகிறது. மூன்றும் சட்ட விதிகளைச் சொல்லும் பகுதிகள். உபாகமத்தில் இது நியாயாதிபதிகள் நன்றாக விசாரித்த பிறகு வருகிறது. அடிபட்டவனைப் பார்த்து, நீயே போய் எடுத்துக்கொள் என்று அங்கே சொல்லப்படவில்லை. தனி மனிதனுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது லேவியராகமம் 19-இல் இருக்கிறது. அங்கே பழிவாங்கவும் கூடாது, மனதில் பகை வைத்துக்கொள்ளவும் கூடாது. பிறனைத் தன்னைப்போல நேசிக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற கட்டளையும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

கொலை நடந்தால் செத்தவனின் உறவினன் பழிவாங்கக் கிளம்புவது அந்தக் காலத்து வழக்கம். அதையும் சட்டம் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. யோர்தான் ஆற்றின் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று 6 அடைக்கலப் பட்டணங்கள் ஒதுக்கப்பட்டன. கை தவறிக் கொன்றவன் அங்கே ஓடிப்போய், சபையின் முன் விசாரணைக்கு நிற்கும்வரை உயிரோடு இருக்கலாம். வேண்டுமென்றே கொன்றவனுக்கு அங்கே இடமில்லை. ஒரே ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு யாரையும் சாகடிக்க முடியாது. பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு, அவன் மற்றவனுக்குச் செய்ய நினைத்த தண்டனையே கிடைக்கும். நம் ஊர்களில் வன்கொடுமைப் புகார் கொடுத்த மறுநாளே, புகார் கொடுத்தவர்கள் மீது வழிப்பறி என்றும் கொலைமுயற்சி என்றும் எதிர்ப்புகார் வருவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.

எண்ணாகமம் 35-இல் இன்னொரு விதி உண்டு. கொலைகாரனின் உயிருக்கு ஈடாகப் பணம் வாங்கக் கூடாது. பணம் இருப்பவன் கொலையை விலைகொடுத்து வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தால் ஏழையின் உயிருக்குப் பாதுகாப்பு ஏது? கட்டப்பஞ்சாயத்தில் கொலைக்கும் கற்பழிப்புக்கும் தொகை பேசுகிறவர்கள் படிக்க வேண்டிய அதிகாரம் இது.

யாருடைய கண்?

இந்த விதி இஸ்ரவேலருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதற்கு முன்பே பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் இது இருக்கிறது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் அவன் கல்லில் வெட்டிவைத்த அந்தச் சட்டத்தூண் 1901-இல் ஈரானின் சூசா நகரில் கிடைத்தது. இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் மேல்தட்டு மனிதனின் கண்ணைக் கெடுத்தால், கெடுத்தவனின் கண் போகும். சாமானியனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா எடை வெள்ளி கட்டினால் போதும். அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால், கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும்.

மோசேயின் சட்டம் இதிலிருந்து விலகும் இடங்களைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குக் கண் என்று சொன்ன லேவியராகமம் 24, அடுத்த சில வரிகளிலேயே உள்ளூர்க்காரனுக்கும் பரதேசிக்கும் ஒரே நியாயம்தான் என்கிறது. மகன் செய்த குற்றத்துக்கு அப்பனையோ, அப்பன் செய்த குற்றத்துக்கு மகனையோ கொல்லக் கூடாது என்கிறது உபாகமம் 24. எஜமான் அடித்து அடிமையின் கண்ணோ பல்லோ போனால், அதற்கு ஈடாக அவனை விடுதலை செய்துவிட வேண்டும் என்கிறது யாத்திராகமம் 21.

இதைச் சொல்லும்போது மறைக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே யாத்திராகமம் 21, அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை என்கிறது. அடிமை அவனுடைய சொத்தாம். இதை நாம் ஏற்க முடியாது. ஆனால் எல்லார் கண்ணுக்கும் ஒரே எடை என்ற திசையில் அந்தச் சட்டம் சில அடிகளாவது நடந்திருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

நம் மண்ணில் மனுஸ்மிருதி எந்தத் திசையில் நடந்தது? அதன் 8-ஆம் அத்தியாயத்தில், பிராமணனை ஏசிய சத்திரியனுக்கு 100 பணம் அபராதம். வைசியனுக்கு 150 அல்லது 200. சூத்திரனுக்கு உடல் தண்டனை. பிராமணன் ஏசினால் கணக்கு தலைகீழாகிறது. சத்திரியனை ஏசினால் 50, வைசியனை ஏசினால் 25, சூத்திரனை ஏசினால் 12. குற்றம் ஒன்றுதான். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று பார்த்துத் தண்டனை மாறுகிறது. சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கோ ஊருக்கு வெளியேதான் குடியிருப்பு. 1927 டிசம்பர் 25 அன்று மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் அந்த நூலை எரித்ததற்கு இத்தகைய விதிகள்தான் காரணம்.

வெள்ளைக்காரன் வந்ததும் எல்லாம் சமமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சென்னை மாகாணத்தின் 1816-ஆம் ஆண்டு 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சிறு குற்றங்களுக்காகத் தாழ்ந்த சாதியார் என்று கருதப்பட்டவர்களைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கும் அதிகாரத்தைக் கிராம அதிகாரிக்குக் கொடுத்தது. மற்றவர்களுக்கு அந்த இழிவு தகாதாம். உபாகமம் 25-இல் குற்றவாளிக்கு 40 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. மேலே போனால் உன் சகோதரன் உன் கண்ணுக்கு இழிவாகத் தெரிவான் என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. தண்டனை பெறுகிறவனும் சகோதரன்தான் என்று அங்கே எழுதியிருக்கிறது. இங்கே இழிவுபடுத்துவதையே தண்டனையாக வைத்தார்கள்.

வெட்கத்துக்கும் விலை

பிற்காலத்து யூத அறிஞர்கள் கண்ணுக்குக் கண் என்பதை, கண்ணைப் பிடுங்குவதாக அல்லாமல் இழப்பீடாகவே கொண்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பில் இதற்கு 5 கணக்குகள் உண்டு. உறுப்பு போன சேதம், பட்ட வலி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, ஐந்தாவதாக அடைந்த அவமானம்.

அந்த ஐந்தாவது கணக்கு நமக்கு முக்கியம். நம் மக்கள் மீது விழும் அடி உடம்போடு நிற்பதில்லை. சாதிப் பெயரைச் சொல்லி, நாலு பேர் பார்க்க, தெருவில் வைத்து அடிக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்த அவமானத்தையும் குற்றமாகப் பார்க்கிறது. பொதுமக்கள் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது அதன்படி தனிக் குற்றம். 1995 விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்கு அரசு தீருதவித் தொகை தர வேண்டும். அது மாவட்ட நிர்வாகம் தருவது. குற்றவாளி தரும் சமாதானப் பணம் அல்ல. அதை வாங்கியதால் வழக்கு நின்றுபோவதுமில்லை.

மறு கன்னம்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். மத்தேயு 5-இல் இயேசு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னது உண்மைதான். அடிபட்டவன் தன் கையால் திருப்பி அடிக்க வேண்டாம் என்று அவர் தம் சீடர்களுக்குச் சொன்னார். அடித்தவனைக் கேள்வி கேட்காதே என்று அங்கே இல்லை. யோவான் 18-இல் பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அவரை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று அந்த இடத்திலேயே கேட்கிறார்.

அப்போஸ்தலர் 16-இல் பவுலும் சீலாவும் பிலிப்பி நகரில் விசாரணையே இல்லாமல் பொது இடத்தில் அடிபட்டுச் சிறையில் கிடக்கிறார்கள். மறுநாள் அதிகாரிகள் ஆளனுப்பி, போகலாம் என்கிறார்கள். பவுல் மறுக்கிறார். ரோமக் குடிமக்களான எங்களை எல்லார் முன்பும் அடித்துவிட்டு இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் வந்தார்கள், வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். ரோமர் 12-இல் பழிவாங்காதீர்கள் என்று எழுதியவரும் இதே பவுல்தான். குடிமகனின் உரிமையைக் கேட்பது அவருக்குப் பழிவாங்கலாகத் தெரியவில்லை.

தராசு சாய்ந்தால்

தம்பியின் கோபத்திலும் ஒரு நியாயம் உண்டு. பழியை விட்டுவிடு என்று சொல்ல வேண்டுமானால் நீதிமன்றம் அளந்து கொடுக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து போனார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. ஏழையின் முகம் பார்த்தும் தீர்ப்புச் சொல்லாதே, பெரியவனின் முகம் பார்த்தும் தீர்ப்புச் சொல்லாதே என்பது லேவியராகமம் 19. விடுதலையானவர்களில் முக்கியமானவர் 1980-இல் கொலை செய்யப்பட்டார். சட்டம் தன் வேலையைச் செய்யாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அந்தக் கொலையால் 44 பேருக்கும் நீதி கிடைத்ததாக எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. குற்றவாளி இன்னார் என்று நீதிமன்றம் சொல்லி, நாடு கேட்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

அரிவாள் எடுத்தால் நம் பிள்ளை குற்றவாளி ஆவான், அடித்தவன் பாதிக்கப்பட்டவன் ஆவான். அடுத்த அடி, சம்பந்தமே இல்லாத நம் தெருப் பிள்ளை ஒருவன் மேல் விழும். லாமேக்கின் கணக்கு எப்போதும் ஆள்பலமும் நிலமும் உள்ளவர்களுக்குத்தான் சாதகம்.

ஆகவே தம்பியிடம் நாம் சொன்னது இதுதான். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கு. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் பெறுவது புகார்தாரரின் உரிமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார். அப்பிரிவு இருந்தால் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பிணை மனு வந்தால் உங்களுக்குத் தகவல் தர வேண்டும், உங்கள் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் 4-ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

பெரியவர்களிடம் அந்த வீட்டு அம்மாவே பேசினார். "பணம் வேணாங்கய்யா. நாங்க யாரையும் அடிக்க வரல. எம்புள்ளையை அடிச்சது தப்புன்னு கோர்ட்டு சொல்லட்டும். அப்புறம் ஒரே தெருவுல நடப்போம்" என்றார்.

வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணையில் இருக்கிறது. இளைஞருக்கு இடது கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியிருக்கிறது. தம்பி ஒரு நோட்டில் ஒவ்வொரு வாய்தாவின் தேதியையும், அன்று யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறான். லூக்கா 18-இல் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் நியாயம் கேட்டு விடாமல் நடக்கிறாள். அவள் தொல்லை தாங்காமலே அவன் கடைசியில் நியாயம் செய்கிறான். அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மாவோடு நாமும் போகிறோம்.