வெட்டுபவர் ஒருவர், எடுப்பவர் மற்றவர்

ஒரே தின்பண்டத்தை இரு சிறுவர்க்குப் பங்கிட நேரும்போது வீடுகளில் கையாளப்படும் உபாயம் ஒன்று உண்டு. ஒருவன் பண்டத்தை இரு கூறாக வெட்ட வேண்டும். மற்றவன் தனக்கு வேண்டிய கூற்றை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தராசும் தேவையில்லை, நடுவரும் தேவையில்லை. சிறிய கூறு தன் பங்காகிவிடுமே என்னும் அச்சத்தால், வெட்டுபவன் இரண்டையும் தன் கண்ணுக்குச் சமமாகவே வெட்டுகிறான். அவன் நேர்மையாளனா அன்றா என்னும் கேள்வி எழுவதே இல்லை.

இங்குச் சமம் என்பது எடையைக் குறிப்பதன்று. ஒரு பாதியில் மட்டும் முந்திரிப்பருப்பு பதித்த அல்வாத் தட்டு ஒன்றைக் கருதுவோம். கோபாலுக்கு எப்பகுதியாயினும் ஒன்றே. சலீமோ முந்திரியுள்ள பகுதியையன்றி வேறெதையும் விரும்பாதவன். கோபால் தட்டை முந்திரிப் பாதி, வெறும் பாதி என இரண்டாக வெட்டினால், சலீம் முன்னதை எடுப்பான். வெட்டியவனுக்குத் தன் கணக்கிற் சரிபாதி கிடைத்தது; எடுத்தவனுக்குத் தன் கணக்கில் முழுத் தட்டுமே கிடைத்துவிட்டது. ஒவ்வொருவர் பங்கும் அவரவர் விருப்பத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது.

சூழ்ச்சிக்கும் இங்கேதான் இடம் உண்டாகிறது. சலீமின் விருப்பம் கோபாலுக்கு முன்பே தெரியுமாயின், முந்திரிப் பகுதியிற் பாதிக்குச் சற்றே மேலாக மட்டும் அவன் தனியே வெட்டி வைக்கலாம். அது முழுத் தட்டிற் கால் பங்கிற்குச் சிறிது மேல். முந்திரியிற் பெரும்பகுதி அதில் இருப்பதால் சலீம் அதனையே எடுப்பான். ஏறத்தாழ முக்கால் தட்டு கோபாலுக்கு எஞ்சும். ஆயினும் ஊகம் தவறினால், பெரிய துண்டு மற்றவன் கைக்குப் போய், வெட்டியவனுக்குக் கால் பங்கே மிஞ்சும். அறியாத இடத்திற் சமமாக வெட்டுவதே அவனுக்குப் பாதுகாப்பு.

மற்றொரு சூழ்ச்சி இதினும் பழமையானது. கிரேக்கக் கவி ஹீசியட் கூறும் கதையில், எருதின் இறைச்சியைப் பங்கிட்ட புரொமீதியஸ் வெறும் எலும்புகளைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி ஒரு கூறாக வைத்து, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு சீயஸ் தேவனிடம் கூறினான். இது எடுப்பவரின் விருப்பத்தை அறிவதன்று. கூற்றின் உள்ளடக்கத்தையே மறைப்பது.

ஆழ்கடற் சுரங்கத் தொழிலில் இந்த இரண்டாம் ஆபத்து மெய்யானது. ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழத்திற் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளில் நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகிய உலோகங்களும் உள்ளன. எவ்விடத்தில் அவை மிகுதி என்பது கப்பல் அனுப்பி ஆராய்ந்தவர்க்கே தெரியும். நாடுகளின் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை வகுத்தது. சுரங்க உரிமை கோருவோர் மதிப்பில் நிகரான இரு பகுதிகளைக் காட்டுதல் வேண்டும். அவற்றுள் ஒன்று சர்வதேசக் கடலடி ஆணையத்திற்கென ஒதுக்கப்படும் என்பது அதன் விதி. சிறுவர்க்குச் சொன்ன உபாயமே இது! இரு பகுதிகளையும் பற்றிய ஆய்வு விவரங்களை உடன் அளிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் சேர்க்கப்பட்டிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். இம்முறையில் 1987ஆம் ஆண்டு மத்திய இந்தியப் பெருங்கடற் படுகையில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தியாவின் பெயரிற் பதிவாயிற்று. பின்னர் விதிப்படி அதிற் பாதியை விட்டுக்கொடுத்து, 75,000 சதுர கிலோமீட்டரை இந்தியா தன்னிடம் வைத்துக்கொண்டது.

பங்காளிகள் மூவராயின் என் செய்வது? போலந்துக் கணித அறிஞர் ஹியூகோ ஸ்டைன்ஹாஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வினாவை ஆராய்ந்தார். எத்தனை பேர்க்கும் பொருந்தும் விடையை அவருடைய நண்பர்களான பனாக், க்னாஸ்டர் இருவரும் கண்டனர். அது 1948இல் அச்சில் வெளிவந்தது. கோபால் தனக்கு மூன்றிலொன்று எனத் தோன்றும் துண்டை வெட்டுகிறான். அது மிகை என்று கருதினால் சலீம் அதனைச் செதுக்கிச் சிறிதாக்கலாம். அவனுக்குப் பின் மேரியும் அவ்வாறே செய்யலாம். கடைசியாகக் கத்தி வைத்தவரே அத்துண்டைப் பெறுவார். செதுக்கியது தட்டிற்கே திரும்பும். எஞ்சிய இருவரும் பழைய முறைப்படி வெட்டி எடுத்துக்கொள்வர். விறகுக் குவியலையும் வைக்கோலையும் கூட இவ்வாறு பங்கிடலாம்.

ஒவ்வொருவர்க்கும் மூன்றிலொரு பங்கேனும் இதில் உறுதி. ஆனால் முதலில் துண்டைப் பெற்று விலகியவர், மற்ற இருவரின் பங்கீட்டைப் பார்த்து, அவர்களுள் ஒருவர் தம்மினும் அதிகம் பெற்றதாக எண்ணக்கூடும். தன் பங்கு குறையாமை வேறு, பிறர் பங்கின்மேற் பொறாமை எழாமை வேறு.

பொறாமை எழாத முறையை மூவர்க்காக 1960ஐ ஒட்டி செல்ஃப்ரிட்ஜ், கான்வே இருவரும் தனித்தனியே கண்டனர். கோபால் மூன்று சமத் துண்டுகளாக வெட்டுகிறான். சலீம் தன் கண்ணுக்குப் பெரியதைச் செதுக்கி, அடுத்ததற்கு நிகராக்குகிறான். செதுக்கல் தனியே வைக்கப்படுகிறது. மேரி முதலில் எடுக்கிறாள், அடுத்துச் சலீம், இறுதியிற் கோபால். செதுக்கிய துண்டை மேரி விட்டுவிட்டால் சலீம் அதனையே எடுக்க வேண்டும். சலீம், மேரி இருவருள் செதுக்கிய துண்டைப் பெறாதவர் செதுக்கலை மூன்று சமக் கூறாக்குவார். அத்துண்டைப் பெற்றவர் முதலிலும், கோபால் அடுத்தும், கூறாக்கியவர் இறுதியிலும் எடுப்பர். செதுக்கல் முழுவதும் செதுக்கிய துண்டோடு சேர்ந்தாலும் கோபாலின் கணக்கில் அது அவனுடைய முதற் பங்கையே ஒக்கும். ஆதலின் அவனுக்கு முறையீடு இல்லை. வெட்டுகள் ஐந்திற்கு மேற்படா.

அல்வாவிற்குப் பதிலாகப் பல நிறம் தீட்டிய காகிதப் பட்டையையும் கத்தரிக்கோலையும் கொண்டு இதனை வகுப்பிற் செய்து காட்டலாம். ஒவ்வொரு நிறத்திற்கும் தாம் தரும் மதிப்பை மாணவர் முன்னதாகவே இரகசியமாக எழுதி வைத்துக்கொள்ளுதல் அவசியம். இன்றேல் இறுதியில் யார் கணக்குச் சரியென்று சோதிக்க இயலாது. மூவரோடு நிறுத்திக்கொள்வதே நலம். எத்தனை பேர்க்கும் பொறாமையற்ற முறை ஒன்றை 1995இல் பிராம்ஸ், டெய்லர் இருவரும் அளித்தனராயினும், எத்தனை வெட்டில் அது முடியும் என்பதற்கு வரம்பு இல்லாதிருந்தது. நால்வர்க்கு வரம்புடைய முறை 2016இல்தான் அசீஸ், மெக்கன்சி என்போரால் வெளியிடப்பட்டது. அதன்படி ஒரு தட்டைப் பங்கிட 203 வெட்டுகள் வரை வேண்டியிருக்கும்.